கொரங்காட்டில் புழு விழுந்தால் உழுவதா, விடுவதா?

அக்டோபர் 12 (வாசகர் கேள்வி)

திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் கொரங்காட்டைப் பற்றி, அதாவது வேலி அடைத்து மழையை நம்பிப் புல் விட்டிருக்கும் மேய்ச்சல் காட்டைப் பற்றி, எழுதியிருக்கிறார்: "எனக்கு நான்கு ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. புரட்டாசி மழைக்குப் பச்சை கட்டிய கொழுக்கட்டைப் புல் பதினைந்து நாளில் மொட்டையாகிவிட்டது. மேற்குப் பக்கம் வெறும் தாள் நிற்கிறது. கிழக்குப் பக்கம் திட்டுத் திட்டாகப் பழுத்துக் காய்ந்திருக்கிறது. எருக்குழியைக் கிளறினால் விரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் கிடக்கின்றன. புழு விழுந்த கொரங்காடு இனித் தேறாது, மொத்தமாக உழுது மருந்து ஊற்றிவிட்டுக் கம்பு நேப்பியர் தீவனப்புல் கரணையை நட்டுவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆறு மாடுகளும் முப்பது செம்மறிகளும் இருக்கின்றன. உழுவதா, விடுவதா?"

அக்டோபர் 14

தேறாது என்று சொன்னவர்கள் எத்தனை புல்தூரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேலே தின்னும் பூச்சியும் கீழே தின்னும் பூச்சியும் கண்ணுக்கு ஒரே மாதிரியான மொட்டைக்காட்டைத்தான் காட்டும். ஆனால் ஒன்றில் புல் உயிரோடு இருக்கும், மற்றொன்றில் இருக்காது. படைப்புழு, கம்பளிப்புழு, வெட்டுக்கிளி ஆகியவை இலையைத் தின்றுவிட்டுத் தாளை விட்டுவிடுகின்றன. கொழுக்கட்டைப் புல்லோ தன் சேமிப்பை அடித்தண்டிலும் வேரிலும் வைத்திருப்பது. ஆறு மாதம் மழையில்லாமல் சருகாகிக் கிடந்துவிட்டு ஒரே மழையில் துளிர்க்கிற புல்லை, இலையை மட்டும் தின்ற புழு கொன்றுவிட்டது என்று நம்ப முடியாது. வேர்ப்புழு வேறு வகை. அது மண்ணுக்குள் இருந்துகொண்டு வேரைக் கத்தரித்துவிடும், பிறகு எத்தனை மழை பெய்தாலும் அந்தத் தூரில் துளிர் வராது.

ஆகையால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து, வழி நெடுக இடைவெளி விட்டு இருபது தூர்களை ஒற்றைக் கையால் இழுத்துப் பாருங்கள். கையைக் கிழிக்கிற மாதிரி நின்றால் அது உயிருள்ள தூர். பாய் சுருட்டுவதுபோல் மண்ணோடு கழன்று வந்தால் வேரின் நுனியைப் பாருங்கள். கடித்த தடம் இருக்கும். இருபதில் எத்தனை கழன்றது என்ற எண் தெரிந்த பிறகு உழவைப் பற்றிப் பேசலாம். அதுவரை டிராக்டரைக் கூப்பிட வேண்டாம்.

(கொரங்காடா, கொறங்காடா என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டையும் எழுதுகிறார்கள். மாடு இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.)

அக்டோபர் 14, இரவு

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. இழுத்துப் பார்ப்பதை நல்ல மழை பெய்த இரண்டாம் நாளில் செய்யுங்கள். எங்கள் சரளை மண் காய்ந்திருக்கும்போது செத்த தூர்கூடச் சிமெண்டில் பதித்ததுபோல் நிற்கும்.

அக்டோபர் 17

அவர் இருபது தூர்களை இழுத்ததில் ஆறு கழன்று வந்திருக்கின்றன. ஆறில் ஐந்து கிழக்குப் பக்கத்தில், அதுவும் வேப்ப மரங்களையும் வெள்வேல மரங்களையும் ஒட்டிய இடத்தில் வந்தவை. மேற்குப் பக்கத்துத் தாள்களின் அடியில் புழுவின் எச்சம் மிளகுபோல் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, ஒரே காட்டில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. மேற்கில் இலைதின்னி தின்றுவிட்டுப் போய்விட்டது, கிழக்கில் வேர்ப்புழு இருக்கிறது.

மரத்தடியில் பாதிப்பு கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வேர்ப்புழுவின் தாயான பழுப்பு வண்டு, கோடை மழை பெய்த மாலைகளில் மண்ணிலிருந்து கிளம்பி வேம்பு, வெள்வேல், இலந்தை, முருங்கை ஆகியவற்றின் தழையைத் தின்னும். பொழுது விடிவதற்குள் மீண்டும் மண்ணுக்குள் இறங்கி அங்கேயே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு ஆடி, ஆவணி, புரட்டாசி முழுவதும் வேரைத் தின்று கொழுத்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் ஆழத்துக்குப் போய்க் கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து வண்டாகி மண்ணுக்குள்ளேயே அடுத்த கோடை மழைக்குக் காத்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். கிழக்குப் பக்கத்துச் சேதம் இப்போது கண்ணில் படுகிறது என்றால், தின்ன வேண்டியதை அது தின்று முடித்துவிட்டது என்று பொருள். இந்த மாதத்தில் மண்ணை நனைக்க மருந்து ஊற்றுவது, விருந்தாளி கைகழுவிக் கிளம்பிய பிறகு அரிசியை மறைத்து வைப்பதைப் போன்றது. முழுதாக வளர்ந்த புழுவை மருந்து எளிதில் சாய்க்காது. அந்த மருந்து பட்ட புல்லை நாளைக்கு மாடு தின்னும் என்பது வேறு.

அக்டோபர் 18

எருக்குழிப் புழுவைப் பற்றி நேற்று எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன், ஏனென்றால் அதில் எனக்கே ஒரு வெட்கக் கதை இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் எருக்குழியில் கட்டைவிரல் பருமனில் புழுக்களைக் கண்டு, இவைதாம் என் புல்லைத் தின்கின்றன என்று முடிவு கட்டி, ஒரு டிப்பர் எருவை அப்படியே வேலியோரம் கொட்டி வீணாக்கினேன். அவை தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழுக்கள். அந்தப் புழு மக்கிய எருவையும் இற்றுப்போன மரத்தையும் தின்று வளர்வது, உயிருள்ள புல்லின் வேரைத் தொடாது. வண்டான பிறகு அது போகும் இடம் தென்னந்தோப்பு. உங்கள் குழியிலும் விரல் பருமன் என்பதால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அவற்றைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், தென்னை வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் நன்றி சொல்வார்.

மக்காத எருவைக் கொரங்காட்டில் கொட்டக் கூடாது என்பது மட்டும் இதனால் பொய்யாகிவிடாது. பச்சை எரு கிடக்கும் இடம் வேர்ப்புழுவின் தாய்வண்டுக்கும் பிடித்தமான இடம். நன்றாக மக்கி, கையில் பிடித்தால் மண்வாசனை வருகிற எருவைப் போடுங்கள்.

அக்டோபர் 23

உழவைப் பற்றிய என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். முதல் குறிப்பில் டிராக்டரைக் கூப்பிடவே வேண்டாம் என்ற தொனி வந்துவிட்டது. கொரங்காட்டை உழக் கூடாது என்பது வழக்கமே இல்லை. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பாத்தியை உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து, அறுவடைக்குப் பிறகு மீண்டும் புல்லுக்கு விட்டுவிடுவது எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே நடந்துவருகிறது. இறுகிப்போன மண் அதனால் இளகும், மண்ணில் கிடக்கும் புல்விதை மேலே வரும். நான் மறுப்பது, நான்கு ஏக்கரையும் ஐப்பசியில் ஒரேயடியாக உழுவதைத்தான். எங்கள் பகுதிக்குக் கிடைக்கிற அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. புல் வளரும் காலமே அதுதான். உயிரோடு இருக்கும் பதினான்கு தூரை, செத்துப்போன ஆறு தூருக்காகப் புரட்டிப் போட்டுவிட்டு, மாட்டுக்கு எங்கே போய்த் தீவனம் தேடுவீர்கள்?

கிழக்குப் பக்கத்துச் செத்த திட்டுகளை மட்டும் இந்த ஈரத்திலேயே ஐந்து கொழுக் கலப்பையால் உழுங்கள். காலை எட்டு மணிக்கு மேல், பறவைகள் இறங்கும் நேரத்தில் உழுங்கள். புழு ஆழத்துக்கு இறங்கும் முன் மேலே புரண்டு வந்தால் மைனா, காகம், கரிச்சான், உண்ணிக்கொக்கு எல்லாம் ஏரின் பின்னாலேயே வந்து பொறுக்கிவிடும். உழுத இடத்தில் கொள்ளை விதைத்துவிடுங்கள். மண் மூடும், தழைச்சத்து சேரும், தைக்குப் பிறகு கொள்ளுச் செடியே ஆட்டுக்குத் தீனியாகும்.

மேற்குப் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்பதால்தான் அது கடினம். கடவை (காட்டுக்குள் நுழையும் வாயிலை) அடைத்துவிட்டு மாட்டை உள்ளே விடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் நான் ஒருமுறை தோற்றேன்.

அந்த வருடம் ஐப்பசி முதல் வாரம் படைப்புழு விழுந்தது. இரவில் காட்டோரம் நின்றால் அவை தின்னும் சத்தம் சாரல் விழுவதுபோல் கேட்டது. பத்து நாளில் புல்லின் இலை மொத்தமும் போய்விட்டது. பிறகு நல்ல மழை பெய்து, பதினெட்டாம் நாள் பார்த்தால் காடு பச்சையாக நிற்கிறது. புல் மீண்டுவிட்டது என்று நினைத்துக் கடவைத் திறந்துவிட்டேன். மாடு அந்தத் துளிரைத்தான் முதலில் தேடித் தின்றது. ஒருமுறை புழுவுக்குக் கொடுத்த புல், வேரில் இருந்த சேமிப்பைச் செலவழித்துத் துளிர்த்திருந்தது. அந்தத் துளிர் இலையாகி வேருக்குத் திருப்பிக் கொடுப்பதற்குள் மாட்டின் வாயில் போயிற்று. மறுபடியும் துளிர்த்தது, மறுபடியும் மேய்ந்தது. மார்கழியில் மழை நின்றபோது தூர்கள் வாய்க்கு அகப்படாத குட்டை உயரத்தில், பல்தேய்க்கும் பிரஷ் போல நின்றன. அடுத்த வருடம் அந்தத் தூர்களில் ஏறக்குறைய பாதி துளிர்க்கவில்லை. வெற்றிடத்தில் ஆவாரையும் துத்தியும் பார்த்தீனியமும் ஏறின. பழைய நிலைக்கு வர மூன்று மழைக்காலம் ஆயிற்று. புழு தின்றது பத்து நாள், அதன் பிறகு கெடுத்ததெல்லாம் நான். ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, படைப்புழு விழுந்த வருடம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

அதற்குப் பிறகு கடவுக்கு இரும்புப் படல் போட்டுப் பூட்டினேன். சாவி என் மனைவியிடம் இருக்கிறது. மாடு கடவோரம் வந்து நின்று கத்தினால் எனக்கு மனம் இளகிவிடும், அவருக்கு இளகாது.

எப்போது திறக்கலாம் என்று கேட்பீர்கள். நான் நாள் கணக்கு பார்ப்பதில்லை, புல்லைப் பார்க்கிறேன். முழங்கால் உயரம் வளர்ந்து, பாதித் தூர்களாவது கதிர் தள்ளி, விதை பழுத்து உதிரத் தொடங்க வேண்டும். மழை ஒழுங்காக இருந்தால் ஐம்பது அறுபது நாளில் இது நடக்கும். திறந்த பிறகும் நான்கு விரல் தாள் மிஞ்சும்போது மாட்டை வெளியே ஓட்டிவிட வேண்டும். செம்மறியைக் கடைசியாக விடுங்கள், அது மாட்டைவிடத் தாழ்வாகக் கடிக்கும்.

நவம்பர் 2

"அறுபது நாள் மாட்டை எங்கே கட்டுவது? அதற்குச் சோளத்தட்டு வேண்டும், அந்தச் சோளத்திலும் புழு" என்று வெள்ளகோவில் பக்கமிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மேய்ச்சல் காட்டுக்கு ஓய்வு கொடுப்பதெல்லாம் காய்ந்த சோளத்தட்டுப் போர் இருக்கிறவர்களுக்குத்தான் முடியும்.

சோளக்காட்டில் முதலில் எந்தப் பூச்சி என்று பாருங்கள். முளைத்த ஒரு மாதத்துக்குள் நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் அது குருத்து ஈ. தானியத்துக்கு விதைத்தவருக்கு அது பெரிய இழப்பு. தட்டுக்கு விதைத்தவர் அவ்வளவு பதற வேண்டியதில்லை. நடுக்குருத்து போன பயிர் அடியிலிருந்து பக்கத்தூர்களைக் கிளப்பும், ஈரம் இருந்தால் மெல்லிய தட்டாகவே வரும், மாடு அதைக் கழிக்காமல் தின்னும். தட்டுக்கு விதையைக் கூட்டி அடர்த்தியாக விதைக்கும் எங்கள் வழக்கத்தில் குருத்து ஈக்குக் கொடுக்கும் பங்கும் சேர்ந்தே இருக்கிறது. மழை வந்ததும் தாமதிக்காமல் விதைத்த காட்டில் இதன் தொல்லை குறைவு, பிந்தி விதைத்தவரிடம்தான் அதிகம்.

குருத்துக்குள் ஓட்டை ஓட்டையாக இலை விரிந்து, மரத்தூள் போன்ற எச்சம் அடைத்துக் கிடந்தால் அது அமெரிக்கப் படைப்புழு. புழுவின் தலையில் கவிழ்த்துப்போட்ட ஒய் எழுத்தும், வால் பக்கத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். 2018இல் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு அதே வருடம் நம் மக்காச்சோளக் காடுகளுக்கு வந்து சேர்ந்தது, சோளத்தையும் விடுவதில்லை. தட்டுக்கான பயிரில் நான் மருந்து அடிப்பதில்லை. இலையின் அடியில் பஞ்சு போர்த்தியதுபோல் இருக்கும் முட்டைக் குவியலை முதல் இருபது நாளில் நசுக்குவது, ஒன்பது பங்கு மணலும் ஒரு பங்கு சுண்ணாம்பும் கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுவது, ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாற்றைக் குருத்துக்குள் இறங்கும்படி மாலையில் தெளிப்பது ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ வேப்பங்கொட்டை என்பது கணக்கு. கொட்டை புதியதாக இருக்க வேண்டும், பூஞ்சணம் பிடித்த பழைய கொட்டையில் வேலை நடக்காது. தொடர்ந்து மழைத்தூறலும் மூட்டமும் இருக்கும் நாட்களில், வெள்ளையாகவும் பிறகு பச்சைப்பொடி பூசியதுபோலவும் விறைத்துச் செத்த புழுக்கள் இலையில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது பூஞ்சண நோய். அப்படிப்பட்ட புழுக்கள் கண்ணில் பட்டால் தெளிப்பானைக் கீழே வைத்துவிடுங்கள், உங்களுக்குப் பதிலாக வேறொருவர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

இதைவிட முக்கியமானது அடுத்தது. புழு தின்று துளிர்க்கும் இளஞ்சோளத்தில் மாட்டை விடாதீர்கள். வறட்சியில் வாடிய சோளத்திலும், அடிபட்டுத் துளிர்த்த சோளத்திலும், அறுத்த அடித்தாளிலிருந்து வரும் மறுதாம்பின் இளந்துளிரிலும் சயனைடு நஞ்சு உருவாகும் பொருள் அதிகமாக இருக்கிறது. தின்ற சில நிமிடங்களிலேயே மாடு மூச்சிரைத்து, நுரை தள்ளி, தள்ளாடி விழும். கால்நடை மருத்துவர் வந்து நரம்பில் மருந்து ஏற்றினால் பிழைக்கலாம், ஆனால் மருத்துவர் வருகிற நேரம்வரை பல மாடுகள் தாங்குவதில்லை. புழு தின்றது போக மிஞ்சியதையாவது மேயட்டும் என்று அவிழ்த்துவிட்டு மாட்டை இழந்த வீடு எங்கள் ஊரிலேயே உண்டு. பூக்கும் பருவம்வரை காத்திருந்து அறுத்துக் காயப்போடுங்கள்.

நவம்பர் 3

"அறுத்து ஒரு நாள் வாடவிட்டால் போதாதா?" என்ற கேள்விக்கு: போதாது. வாடிய பயிரும் காய்ந்த தட்டும் ஒன்றல்ல. வாடும்போதுதான் நஞ்சு வெளிப்படத் தொடங்குகிறது. தட்டு நன்றாகக் காய்ந்து, முறித்தால் ஒடிகிற பக்குவத்துக்கு வந்து, போர் போட்ட பிறகு கொடுங்கள்.

நவம்பர் 19

செத்த திட்டுகளில் இப்போதே புல்விதை தூவலாமா என்று மூலனூர்க்காரர் கேட்கிறார். இந்த வருடம் வேண்டாம். இரண்டு காரணங்கள். பருவம் முடியப்போகிறது, கார்த்திகையில் முளைத்த புல்லுக்கு வேர் இறங்குவதற்குள் மழை நின்றுவிடும். இரண்டாவது, புதிதாக உதிர்ந்த கொழுக்கட்டை விதை உடனே முளைக்காது. அதற்குப் பல மாத உறக்கம் உண்டு. நான் முதன்முதலில் விதை சேகரித்த வருடம், தை மாதம் உருவிய விதையை மாசியில் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி விதைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று விதையின் மேல் பழி போட்டேன். மிச்சமிருந்த அதே விதையைப் புரட்டாசியில் தூவியபோது முளைத்து வந்தது.

ஆகவே மேற்குப் பக்கத்தில் கதிர் பழுக்கும்போது கையால் உருவி, நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி வைத்துவிடுங்கள். உங்கள் மண்ணிலேயே விளைந்த விதைக்கு இணையான விதை கடையில் கிடைக்காது. போதவில்லை என்றால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டைப் புல் கோ 1 விதையை வாங்கிச் சேர்க்கலாம். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும். விதை பஞ்சுபோல் இருப்பதால் காற்றில் பறக்கும், எறும்பும் இழுத்துப் போகும். செம்மண்ணும் சலித்த சாணமும் குழைத்து விதையை உருண்டை பிடித்துப் போட்டால் இரண்டு தொல்லையும் குறையும். ஆழமாகப் புதைக்கக் கூடாது. முள்மரக் கொத்து ஒன்றை மேலே இழுத்துவிட்டால் வேண்டிய மண் மூடிவிடும்.

கொஞ்சம் முயல்மசால் என்ற தீவனப் பயறுச்செடியின் விதையும் கலந்துகொள்ளுங்கள். அதன் தோல் கடினமானது என்பதால் எண்பது டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் வைத்து, பிறகு இரவு முழுதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு அவித்துவிட்டவர்களில் நானும் ஒருவன்.

நவம்பர் 21

மயிலைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மயில் புழுவைத் தின்னும், உண்மைதான். அதே மயில் நேற்று விதைத்த கொள்ளையும் வரிசை தவறாமல் பொறுக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் எனக்கு ஒருபோதும் கணக்கு நேராக வந்ததில்லை. உண்ணிக்கொக்கு அப்படியல்ல. மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைத் தின்பதே அதன் தொழில்.

வெட்டுக்கிளி என்றதும் ஞாபகம் வருகிறது. 2020இல் ராஜஸ்தான் பக்கம் பாலைவன வெட்டுக்கிளி வந்த செய்தியை அடுத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடியை மொய்த்திருந்த வெட்டுக்கிளிகளைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாடே கலங்கியது. அது எருக்கு தின்னும் உள்ளூர் வகை. கொரங்காட்டில் இருக்கிற வெட்டுக்கிளியும் பெரும்பாலும் உள்ளூர்வாசிதான். மண்ணில் முட்டை வைப்பதற்கு மொட்டைத்தரைதான் அதற்கு வசதி. புல் அடர்ந்து மூடியிருக்கிற பாத்தியில் நான் அதைக் கூட்டமாகப் பார்த்ததில்லை, மேய்ந்து தேய்த்த பாத்தியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 9

மூலனூர்க்காரரிடமிருந்து புதிய கவலை வந்திருக்கிறது. மழை நின்றதும் காய்ந்த புல்லின் மேலும் சாணத்தின் மேலும் செல்லு மண் பூசியிருக்கிறதாம், மீதிப் புல்லும் போய்விடுமோ என்கிறார். கறையானை நாங்கள் செல்லு என்போம். செல்லு தின்பது பெரும்பாலும் செத்ததைத்தான். மண்பூச்சைக் காலால் தட்டிவிட்டுத் தூரைப் பாருங்கள், அடித்தண்டு பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் காய்ந்த புல்லும் கோடையில் மாட்டுக்குத் தீனிதான் என்பதால், மாட்டின் பங்கைச் செல்லு எடுத்துக்கொள்கிறது என்பது சரி. அதற்குப் புற்றை இடித்து மருந்து ஊற்றுவதைவிட, இந்த மாதமே காய்ந்த புல்லை மாட்டுக்கு விட்டுவிடுவது மேல். மேற்குப் பக்கம் விதை உதிர்ந்துவிட்டது என்பதால் இப்போது திறக்கலாம். நான்கு விரல் தாளை மறக்க வேண்டாம்.

கிழக்குத் திட்டுகளில் கொள்ளு எடுத்த பிறகு செம்மறிப் பட்டியை இடம் மாற்றி மாற்றி அடையுங்கள். ஓர் இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். புழுக்கையும் சிறுநீரும் அந்த இடத்துக்கே இறங்கும். முன்னர் வெள்வேலங்காய் தின்ற ஆடு என்றால் விதையும் சேர்ந்து இறங்கும். அதில் எவ்வளவு வேண்டும் என்பதைப் பிறகு அரிவாள் தீர்மானித்துக்கொள்ளட்டும், நிழல் மிஞ்சினால் புல் மெலியும்.

மே 6

நேற்று மாலை எங்களுக்கு முதல் கோடை மழை. இதைப் படிப்பவர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மழை பெய்த அன்றும் அடுத்த நாலைந்து நாட்களும் இருட்டியபின், ஏழரை மணி வாக்கில் வேப்ப மரத்தடியில் போய் நில்லுங்கள். வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பித் தழையில் மொய்க்கிற ரீங்காரம் கேட்கும். கீழே பழைய தார்ப்பாயை விரித்து, கொக்கியால் கிளையைப் பிடித்து உலுக்கினால் நெல்லிக்காய் உதிர்வதுபோல் உதிரும். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் கொட்டிவிடுங்கள். ஐப்பசியில் தூர் தூராகப் புழு தேடுவதைவிட இது எத்தனையோ எளிது. ஒரு பெண் வண்டைப் பிடித்தால் அது இடவிருந்த முட்டைகள் அத்தனையும் போகும். நேற்று நானும் மகனும் ஆறு மரங்களை உலுக்கி அரை வாளி சேர்த்தோம்.

மே 7

ஒரு திருத்தம். கொரங்காட்டுக்குள் இருக்கும் மரங்களை மட்டும் உலுக்கிவிட்டு வந்திருக்கிறேன். இன்று பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் முருங்கைத் தோட்டத்தில் இலை சல்லடையாக இருக்கிறது. வண்டுக்குக் கிளுவை வேலி ஒரு தடையில்லை. முருங்கைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனால்தான் வேலை முழுமையாகும். அவரும் நானும் வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. மகனைத் தூது அனுப்பியிருக்கிறேன்.

மே 8

வந்தார். தார்ப்பாயையும் அவரே கொண்டுவந்தார்.

செப்டம்பர் 28

மூலனூர்க்காரர் துணிப்பை விதையை உருண்டை பிடித்துத் தூவிவிட்டதாக எழுதியிருக்கிறார். புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சணமான மெட்டாரைசியத்தை மக்கிய எருவில் கலந்து இப்போது போடலாமா என்று கேட்கிறார். கிழக்குத் திட்டுக்கு மட்டும் போடலாம், ஈரம் இருக்கும்போது மட்டும். ஆனால் அதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் புழு சிறிதாக இருக்கும் ஆடி மாதம். இதை நான் ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். மகள் திருமண வேலையில் மறந்துவிட்டேன், என் தவறு.

நவம்பர் 30

மழை பெய்த இரண்டாம் நாளில் இருபது தூர்களை இழுத்துப் பார்த்ததில் ஒன்றுதான் கழன்றது என்று எழுதியிருக்கிறார். கிழக்குத் திட்டுகளில் புதிய புல் ஒரு சாண் வந்திருக்கிறதாம், முயல்மசால் அங்கங்கே தெரிகிறதாம். மேற்குப் பக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது, கதிர் பழுக்கிறது. மேற்கைத் திறக்கலாம். கிழக்கில் இந்த வருடம் மாட்டின் மூக்குகூட நுழையக் கூடாது, புதுப்புல் ஒருமுறை விதை பிடித்து உதிர்க்கட்டும். நடுவில் வேலி இல்லையே என்கிறார். கிளுவைக் கம்பு நட்டு வேலி பிடிக்க வருடங்கள் ஆகும், இப்போதைக்கு முள்ளை வெட்டிப் போட்டு அடையுங்கள்.

"மாடு கடவோரம் வந்து நின்று கத்துகிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார். சாவியை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறார் என்பதை மட்டும் எழுதவில்லை.